பகிடியும் பதவியும்

"பகிடிக்குத்தானே சொன்னேன், அதற்காக உத்தியோகத்தையே பறிப்பதா?" என்று வேலை இழந்தவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்காக இரங்குவோரும் அவ்வாறே கேட்பர். நியாயமாகவே தோன்றும் இக்கேள்வியை நாம் சற்று நிதானமாக ஆராய்தல் நன்று.

ஐக்கிய அமெரிக்காவிலே 1971ஆம் ஆண்டு முதல் விவசாய மந்திரியாக விளங்கியவர் ஏர்ல் பட்ஸ் என்பவர். பண்ணைக் குடும்பத்திலே பிறந்து, பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக உயர்ந்து, பின்னர் மந்திரியானவர். வேடிக்கையாகப் பேசுவதிலே பெயர் பெற்றவர். 1974ஆம் ஆண்டிலே பாப்பரசரை இத்தாலியர் உச்சரிப்பிலே கேலி செய்து, ஜனாதிபதியின் சொற்படி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆயினும் நா அடங்கவில்லை.

1976 ஓகஸ்ட் மாதம், கட்சி மாநாடு முடிந்து திரும்பும் விமானத்திலே, கறுப்பின மக்களைப் பற்றி மிக இழிவான பகிடியொன்றை உடனிருந்த சிலருக்குச் சொன்னார். அவர்களுள் ஒருவரான ஜோன் டீன், பெயரைக் குறியாது 'ஒரு மந்திரி' என்று மட்டும் சஞ்சிகையொன்றில் எழுதினார். வேறொரு சஞ்சிகை மந்திரிமாரின் பிரயாண விவரங்களை ஒப்புநோக்கி, ஆள் இன்னார் எனக் கண்டுபிடித்துவிட்டது. அச்சொற்களை அப்படியே அச்சிடப் பெரும்பாலான நாளிதழ்கள் கூசின. ஒக்டோபர் 4ஆம் திகதி பட்ஸ் பதவி துறந்தார்.

அப்பகிடியைக் கேட்டவர் சிலரே. ஆனால் அது யாரைப் பற்றியதோ அவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களுள்ளே விதைக்கும் உரத்துக்கும் அரசாங்கக் கடனை நம்பியிருந்த விவசாயிகளும் இருந்தனர். அக்கடனை வழங்கும் திணைக்களத்துக்குத் தலைவர் பட்ஸ்! தம்மை இவ்வாறு எண்ணிச் சிரிப்பவர் தமக்கு நீதி செய்வார் என்று அவர்கள் எவ்வாறு நம்புவர்? பட்ஸ் இழந்தது அந்த நம்பிக்கையை. பதவி அதன் பின்னே சென்றது.

இது தூரதேசத்துக் கதை மட்டுமன்று. நம்மவர் கந்தோர்களிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் சாதியை, ஊர்ப் பேச்சை, மலையகத் தமிழரை வைத்துப் பகிடி சொல்வோர் உளர். ஒருமுறை நம் ஓய்வறையிலே மூத்தவர் ஒருவர் தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஒன்று சொல்ல, பலர் சிரித்தனர். தேயிலைத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் தலைநிமிராது கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பின்னர் ஆறுதல் கூறச் சென்றோம். "பகிடி எனக்குப் புதுசு இல்லைங்க, சேர். என்னோட இடமாற்ற விண்ணப்பத்துல அவர்தானே கையெழுத்து வைக்கணும்? அதைத்தான் யோசிச்சேன்" என்றார்.

இவ்வார்த்தைகளை நாம் அம்மூத்தவரிடம் தனியே எடுத்துரைத்தோம். வெகுநேரம் மௌனமாயிருந்தார். மறுநாள் அவ்வாசிரியையிடம் நேரிலே சென்று வருத்தந் தெரிவித்தார்; விண்ணப்பமும் அன்றே கையொப்பமாகிச் சென்றது.

ஒரு சொல் தவறினாரென்று எவருடைய பிழைப்பையும் உடனே பறித்தல் வேண்டும் என்று நாம் கூறோம். சிற்றூழியர் ஒருவர் வேலை இழந்தால் அவர் பிள்ளைகளும் பசித்திருப்பர். முதலில் விசாரணை வேண்டும்; எச்சரிக்கை வேண்டும்; திருந்த இடமும் வேண்டும். ஆனால் எச்சரித்த பின்னும் திருந்தாதவர், அதுவும் பிறர் வாழ்வைத் தம் பேனா முனையிலே வைத்திருப்பவர், பகிடி என்ற திரைக்குப் பின்னே ஒளிதல் ஆகாது.

விளையாட்டாகவேனும் பிறரை இகழ்தல் துன்பந் தரும் என்று பண்புடைமை அதிகாரத்திலே வள்ளுவர் கூறியுள்ளார். நாளை மேசைகளின் பின்னே அமரப்போகும் மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: சிரிக்க வைக்குமுன், மேசைக்கு முன்னே விண்ணப்பத்துடன் நிற்பவர் யாரென்று ஒருகணம் நிமிர்ந்து பாருங்கள்.