கயிறு பிடித்தவரின் கேள்வி



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் என் தங்கை என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். அவளுடைய மூத்த மகன் மஸ்கத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். முற்றத்தில் அவனுடைய பெரிய பை திறந்து கிடந்தது. கை நீளத்துக்கு இரண்டு துடுப்புக் காலணிகள், மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி, ஈயக் கட்டிகள் கோத்த ரப்பர் இடுப்புப் பட்டை, உடலோடு ஒட்டும் கறுப்பு உடை, சிவப்பு மிதவை ஒன்று ஆகியவை அதில் இருந்தன.

"காக்கா, இவன் அங்கே மூச்சை அடக்கிக்கிட்டு கடலுக்கு அடியிலே போயி ஈட்டியாலே மீன் குத்துறானாம். நீங்க ஓதிக் கொடுக்கிறவங்க. மார்க்கத்துலே இது கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

அவளுக்குத் தேவைப்பட்டது சட்ட விளக்கம் அன்று. மகன் கடலுக்குப் போகாமல் இருக்க ஒரு வழி. தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்னும் பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனக் கருத்தைச் சொல்லி நான் பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் அதே குர்ஆன்தான் மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனத்தில் கடல் வேட்டையை நமக்கு ஆகுமாக்கியிருக்கிறது. அல்லாஹ் ஆகுமாக்கிய ஒன்றை ஒரு தாயின் அச்சத்துக்காக ஹராம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மேலும், கடலில் மூச்சடக்கி இறங்குவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதும் அன்று.

எங்கள் ஊர் இராமநாதபுரம் கடற்கரையில் உள்ளது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களில் இந்தக் கரையின் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக இருந்து வந்துள்ளனர். முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுத் தூத்துக்குடிக் குளிப்போடு ஓய்ந்துபோயிற்று. சங்கு குளிப்பு அதன் பிறகும் தொடர்ந்தது. என் தாயாரின் தந்தை சங்கு குளிக்கும் வள்ளத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை நாங்கள் 'அப்பா' என்று அழைப்போம். அவருடைய வேலை கீழே இறங்குவது அன்று, கயிறு பிடிப்பது. அவருடைய தம்பி கல்லில் கால் வைத்து இறங்குவார். அப்பா மேலே கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வளைகுடா நாட்டு முத்துக் குளிப்பிலும் இதே முறைதான் இருந்தது. இறங்குபவரைக் 'கவ்வாஸ்' என்றும், மேலே கயிறு பிடிப்பவரை 'ஸைப்' என்றும் அரபுகள் அழைத்தனர். இரண்டு கடல்களிலும் வறுமைக்காகக் கடலில் இறங்கிய அந்த மக்களிடம் துடுப்புக் காலணியும் இல்லை, ரப்பர் உடையும் இல்லை. ஆனால் மேலே ஓர் ஆள் இல்லாமல் கீழே ஓர் ஆள் போவதில்லை என்னும் ஒழுங்கு இருந்தது.

அந்த ஒழுங்கு ஒரே ஒரு நாள் தவறியது. அன்றைய வேலை முடிந்து கல்லை ஏற்றிக் கயிற்றையும் சுருட்டிவிட்டார்கள். நல்ல சங்குகள் கிடக்கும் இடம் ஒன்றைக் கடைசியாகக் கண்டதாகவும், இன்னும் ஒரே ஒரு தடவை போய் வருவதாகவும் தம்பி சொன்னார். பத்துப் பதினைந்து தடவை வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டுக் கயிறு இல்லாமல் குதித்தார். ஆழம் ஆறேழு பாகம்தான். அப்பா நங்கூரத்தை இழுக்கத் திரும்பினார். மீண்டும் பார்த்தபோது தம்பி மேலே வரவில்லை. வேறொரு வள்ளத்துக்காரர் இறங்கி உடலை எடுத்தார். இடுப்பு வலையில் மூன்று சங்குகள் இருந்தன. உடலில் ஒரு கீறலும் இல்லை.

ஊரில் சிலர் ஜின் அடித்துவிட்டது என்றார்கள். நல்லவர்கள், நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீது என்னும் நபிமொழியைச் சொல்லி ஆறுதல் கூறினார்கள். அது ஆதாரபூர்வமான நபிமொழிதான். அப்பா அதை மறுக்கவில்லை. ஆனால் என் தாயார் சொல்வார்: யார் அப்படி ஆறுதல் சொன்னாலும், "அவன் ஷஹீது. அவனுக்குக் கேள்வி இல்லே. கயிறு பிடிச்சவனுக்குத்தானே கேள்வி?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து போய்விடுவாராம். அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. பள்ளிவாசலில் மோதினாராகவே இருந்து மௌத்தானார்.

இவையெல்லாம் மனத்தில் இருந்ததால் மருமகனிடம் நான் மார்க்கச் சட்டம் பேசவில்லை. ஒன்றைத்தான் கேட்டேன்: "நீ கீழே போகும்போது மேலே யார் இருக்கிறார்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிறிது நேரம் கழித்து, தாய் அடுக்களைக்குள் போனதும் சொன்னான். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவனும் அவனுடன் வேலை செய்யும் ஒருவரும் பாறைக் கரை ஒன்றில் இறங்கியிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து போனாலும் தனித்தனியாகவே வேட்டையாடியிருக்கிறார்கள். அரபுகள் ஹாமூர் என்று அழைக்கும் களவா மீன் ஒன்று பாறை இடுக்கில் இருந்தது. நண்பர் அதற்காகக் காத்துக் கிடந்துவிட்டு மேலே வந்தார். மேற்பரப்புக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது அவருடைய கால்கள் அசைவது நின்றுபோயிற்று. மருமகன் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியிருந்தான். பாய்ந்து பிடித்து, இடுப்புப் பட்டையைக் கழற்றி எறிந்து, முகத்தை நீருக்கு மேல் தூக்கி, கண்ணாடியை அகற்றி, கன்னத்தில் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். சில நொடிகளில் அவருக்கு மூச்சு வந்தது. தாம் மயங்கியதே அவருக்குத் தெரியவில்லை.

"மாமா, நான் வேறு பக்கம் பார்த்துக்கிட்டு இருந்திருந்தா..." என்றான். மேலே சொல்லவில்லை.

அதற்குப் பிறகே அவன் முறையான பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். அங்குக் கற்றதை அன்று எனக்கு விளக்கினான். எழுபது வயதைக் கடந்த என் தாயாரிடமும் பின்னர் நான் அதை எடுத்துச் சொன்னேன்.

மூச்சு விடவேண்டும் என்னும் தவிப்பை நமக்கு முதலில் உண்டாக்குவது உடலில் சேரும் கரியமில வாயு. ஆக்ஸிஜன் குறைவது அவ்வளவு தெளிவாக நமக்குத் தெரிவதில்லை. இறங்குமுன் வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. ஆக்ஸிஜனோ அதற்கேற்பக் கூடுவதில்லை. எனவே ஆபத்து நெருங்கிய பிறகும் தவிப்பு வருவதில்லை. இன்னும் நேரம் இருப்பதாகவே மனிதன் எண்ணிக்கொள்கிறான். அடுத்தது அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் நுரையீரலில் மீந்திருக்கும் சிறிதளவு ஆக்ஸிஜனும் இரத்தத்துக்குப் போதுமானதாக இருக்கும். மேலே வர வர அழுத்தம் பாதியாகக் குறைவதால் அந்த ஆக்ஸிஜன் போதாமல் போகிறது. மூளை விளக்கு அணைவதைப் போல் முன்னறிவிப்பின்றி அணைகிறது. அதனால் மேற்பரப்பை நெருங்கும்போதும், மேலே வந்து சேர்ந்த முதல் சில நொடிகளிலும் இந்த மயக்கம் அதிகம் நேர்கிறது. அருகில் ஆள் இருந்து முகத்தை உயர்த்தினால் பெரும்பாலும் உயிர் பிழைக்கலாம். ஆள் இல்லையேல் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

பத்துப் பதினைந்து தடவை வேக மூச்சு, இடுப்பு வலையில் மூன்று சங்கு, கீறலற்ற உடல். என் தாயார் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஜின்னு இல்லே" என்றார்.

இந்த விளக்கம் அப்பாவின் பாரத்தைக் குறைக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருந்தால் தம்பி பிழைத்திருக்கக்கூடும் என்றே இது சொல்கிறது. ஆனால் அவருக்கு இந்த அறிவு கிடைத்திருக்கவில்லை. அறியாமல் தவறியவரின் கணக்கு கருணையாளனான அல்லாஹ்விடம் இருக்கிறது. நாம் அறிந்துவிட்டோம். இனி நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் விடுமுறை நாட்களில் கடலில் இறங்குகிறார்கள். அவர்களுக்காக மருமகன் சொன்னவற்றை இங்கு எழுதுகிறேன். தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. இருவர் போனால் ஒருவர் கீழே, மற்றவர் மேலே. இருவரும் ஒரே நேரத்தில் மூழ்கக் கூடாது. மேலே வந்தவரைக் குறைந்தது 30 நொடிகள் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கீழே இருந்த நேரத்தைப் போல் இரு மடங்கு நேரமாவது மேலே ஓய்வெடுக்க வேண்டும். இறங்குமுன் வேக மூச்சு கூடாது. ஈயம் கூடுதலாகக் கட்டக் கூடாது. மேற்பரப்பில் மயங்கினாலும் உடல் மிதக்கும் அளவே இருக்க வேண்டும். பட்டை ஒரே இழுப்பில் கழல வேண்டும். காது வலித்தால் அத்துடன் திரும்பிவிட வேண்டும். ஈட்டித் துப்பாக்கியை நீருக்கு வெளியே ஏற்றி வைக்கக் கூடாது. எந்நிலையிலும் மனிதரை நோக்கித் திருப்பக் கூடாது. இவற்றையும் உரிய ஆசிரியரிடம் நேரில் கற்க வேண்டும். என் எழுத்தை வாசித்துவிட்டு இறங்கலாகாது.

மார்க்கம் சார்ந்தும் சில சொல்ல வேண்டும். மீனை அறுக்க வேண்டியதில்லை. ஈட்டி பட்டு இறந்த மீன் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஹலால். ஆனால் உயிருள்ள ஒன்றை வெறும் எய்து பழகும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். எனவே உண்பதற்காக மட்டும் வேட்டையாடுங்கள். படம் எடுத்துக் காட்டுவதற்காகக் குத்தாதீர்கள். அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. மருமகன் ஈட்டித் துப்பாக்கியை மஸ்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கடலில் அந்தக் கயிறு நம் தோழர். ஒருவர் கீழே இறங்கும்போது தம் உயிரை அமானிதமாக மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறார்.

தங்கையிடம் நான் ஹராம் என்று சொல்லவில்லை. மருமகனிடம் ஒரு வாக்குறுதி வாங்கினேன்: மேலே பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லாத நாளில், எவ்வளவு பெரிய மீன் கண்ணெதிரே நின்றாலும், இறங்குவதில்லை. அவன் தாயின் கையைப் பிடித்து அதைச் சொன்னான். அவள் முழுதும் சமாதானம் ஆகவில்லை; தாய் அப்படித்தான் இருப்பாள்.

விடுமுறை முடியுமுன் தீவுகளுக்கு அப்பால் போகாமல், கரையோரமாக ஒரு தெரிந்தவரின் வள்ளத்தில் போனோம். அவனுடன் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவரும் வந்திருந்தார். ஒருவர் இறங்க, மற்றவர் நீரில் மிதந்தபடி பார்த்துக்கொண்டார். மிதவையின் கயிறு என் கையில் இருந்தது. மருமகன் மேலே வந்து மூச்சு விட்டு, நலம் என்று கையால் காட்டினான். அதன் பிறகும் நான் பார்வையைத் திருப்பவில்லை. 33 தடவை 'ஸுப்ஹானல்லாஹ்' சொல்லி முடிக்க ஏறக்குறைய அந்த 30 நொடிகள் ஆகின்றன. சொல்லி முடிக்கும் வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யா அல்லாஹ், கடலில் சென்று மீளாத எங்கள் முன்னோர்களுக்கு ஷஹீதின் கூலியை வழங்குவாயாக. மேலே கயிறு பிடித்திருந்தவர்களின் தவறுகளை மன்னிப்பாயாக. எங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைக் கவனத்தோடு காக்கும் அறிவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.