முத்தம் பார்க்கப் போனவன்

வியன்னாவுக்கு ஆன்சைட் வந்து நாலு மாசம் ஆச்சு. பாக்கறவங்க எல்லாம் கேக்கற ஒரே கேள்வி, "பெல்வெடேர் போய் அந்த முத்தம் படத்தைப் பாத்துட்டியா?" வாரம் முழுக்க ஆணி, சனிக்கிழமை துணி துவைக்க, ஞாயித்துக்கிழமை தூங்க. இப்படியே ஓட்டிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேமேஜர்கிட்ட இருந்து ஒரு மெயில். க்ளையண்ட் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க, இன்னும் மூணு மாசம் இருக்க முடியுமா, திங்கக்கிழமைக்குள்ள சொல்லு. யூரோவை ரூபாயால பெருக்கிப் பார்த்தா வீட்டுக்கடன்ல ஒரு பெரிய துண்டு கழியும். ஆனா ஈரோட்டுல தங்கமணிக்கு இப்போ ஆறு மாசம். நான் கிளம்பும்போது ரெண்டு. போன்ல சொன்னேன். "உங்க இஷ்டமுங்க"ன்னு சொல்லிட்டு கட் பண்ணிட்டா. கல்யாணம் ஆனவங்களுக்கு இதோட அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ரூம்ல உட்கார்ந்து யோசிச்சா மண்டை காயும்னு ஞாயித்துக்கிழமை காலைல டிராம் பிடிச்சு கிளம்பிட்டேன்.

பெல்வெடேர்ங்கறது ஒரு அரண்மனை இல்லை, ரெண்டு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல சரிஞ்சு இறங்கற பெரிய தோட்டம். கட்டினவர் இளவரசர் யூஜின். பாரீஸ்ல பிறந்தவர். பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி இவரைத் தன் படையில சேர்த்துக்க மாட்டேன்னுட்டார். இவர் இங்க வந்து ஹாப்ஸ்பர்க் படையில சேர்ந்து, துருக்கியரை ஜெயிச்சு, பெரிய தளபதி ஆயிட்டார். (இண்டர்வியூல ரிஜெக்ட் ஆனவங்க நோட் பண்ணிக்குங்க.) ஹில்டெபிராண்ட்ங்கற கட்டடக் கலைஞரை வெச்சு கீழ் அரண்மனையை 1716-லயும் மேல் அரண்மனையை 1723-லயும் முடிச்சார்.

மேல் அரண்மனைக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வெள்ளை மண்டபம். நாலு அரக்கர்கள் கூரையைத் தோள்ல தாங்கிட்டு நிக்கறாங்க. பார்த்தவுடனே வாயைப் பொளந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, ஒரிஜினல் டிசைன்ல இவங்களே கிடையாது. கூரை இடிஞ்சு விழற மாதிரி ஆனதால 1732-33-ல முட்டுக் கொடுக்க வெச்சதாம். ரிலீஸுக்கு அப்புறம் போட்ட பேட்ச்! நாங்க போடற பேட்ச்சையும் யாராவது முந்நூறு வருஷம் கழிச்சு போட்டோ எடுப்பாங்களா?

மாடியில க்ளிம்ட் வரைஞ்ச முத்தம். 1908. ரெண்டு பக்கமும் 180 செ.மீ., தங்கத் தகடு மின்னுது. முன்னாடி திருப்பதி ஜருகண்டி கூட்டம். தங்கத்தை விட போன் திரைகள்தான் அதிகமா மின்னுச்சு. ரெண்டு நிமிஷம் தலைகளுக்கு நடுவுல எட்டிப் பார்த்துட்டு நகர்ந்துட்டேன்.

இன்னொரு இடத்துல கூட்டம் அவ்வளவா இல்லாத ஒரு படம். எகோன் ஷீலே வரைஞ்ச 'குடும்பம்', 1918. கறுத்த பின்னணி. ஒரு ஆள் துணியில்லாம குத்த வெச்சு உட்கார்ந்திருக்கான். அவனுக்கு முன்னால ஒரு பொண்ணு, அவ காலுக்கிடையில போர்வை சுத்தின ஒரு குழந்தை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெச்ச டப்பா மாதிரி மூணு பேர். பொண்ணும் குழந்தையும் வேற எங்கயோ பாக்கறாங்க. அந்த ஆள் மட்டும் நேரா நம்மளைப் பாக்கறான். அது ஷீலேவோட சொந்த முகம்.

அந்த வருஷம் அவர் மனைவி எடித் கர்ப்பம். குழந்தை வர்றதுக்கு முன்னாடியே படத்துல குழந்தையை வெச்சுட்டார். தங்கச்சி பையனைப் பார்த்து வரைஞ்சதா சொல்றாங்க. ஆனா ஸ்பானிஷ் ஃப்ளூ வந்துடுச்சு. 1918 அக்டோபர் 28, எடித் இறந்துட்டாங்க. ஆறு மாச கர்ப்பம். மூணு நாள் கழிச்சு 31-ஆம் தேதி ஷீலேவும் போயிட்டார். வயசு 28.

எனக்கும் 28. அங்க ஆறு மாசம், இங்கயும் ஆறு மாசம்.

நான் சகுனம் பாக்கற ஆள் இல்லைங்க. நமக்கும் அப்படி ஆயிடும்னு பயப்படல. உறுத்தினது வேற. அந்த மனுஷன் பிறக்காத குழந்தையோட சேர்ந்து உட்கார்ந்திருக்கறதைக் கற்பனை பண்ணியாவது வரைஞ்சுட்டார். நான் நாலு மாசமா எக்ஸெல்ல கடன் கணக்குதான் போட்டுட்டு இருக்கேன். அதுல ஒரு கட்டத்துல கூட அந்தக் குழந்தை இல்லை.

வெளிய வந்து தோட்டத்துல உட்கார்ந்தேன். கீழ வியன்னா முழுசா தெரியுது, தூரத்துல ஸ்டீபன் சர்ச் கோபுரம். இந்த அரண்மனையைக் கட்டின யூஜின் கல்யாணமே பண்ணிக்கல. 1736-ல அவர் போனதும் எல்லாம் அண்ணன் மகளுக்குப் போச்சு. அந்தம்மா விக்க, 1752-ல மகாராணி மரியா தெரேசா வாங்கிட்டாங்க. ரெண்டு அரண்மனைக்கே அந்தக் கதின்னா, என் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் கடன் மூணு மாசம் லேட்டா முடிஞ்சா என்ன?

அங்க மதியம் ஒண்ணு, ஈரோட்டுல நாலரை. போன் போட்டேன்.

"நீட்டிப்பு வேண்டாம்னு சொல்லப் போறேன். வளைகாப்புக்கு இருப்பேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்டீங்களா?"

திங்கக்கிழமை காலைல முதல் வேலையா மெயில் அனுப்பிட்டேன். டேமேஜர்கிட்ட இருந்து ஒத்தை வரி பதில் வந்தது. அப்ரைசல்ல ஆப்பு இருக்கும்னு நினைக்கறேன். இருக்கட்டும்.

டிஸ்கி: முத்தம் படத்தை ஒழுங்கா பாக்கவே இல்லைங்கறது ஊருக்கு வந்தப்புறம்தான் உறைக்கும். யாராவது கேட்டா, "சூப்பரா இருந்தது"ன்னு சொல்லிக்கறேன்.