எடை பார்க்காதே, மாப்ளே!

மீனுக்கு டென்ஷன் வருமா?

போன வருஷம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், "ஏன் சார், அதுக்கு என்ன வீட்டு லோனா, இன்க்ரிமென்ட் கவலையா?" என்று சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பதில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கற்ற பாடம் அப்படி.

ஒரத்தநாட்டுப் பக்கம் என் தாய்மாமா அரை ஏக்கரில் குளம் வெட்டியிருக்கிறார். போன ஆடியில், "கட்லா, ரோகு, மிர்கால் மூணும் விடப் போறேன் மாப்ளே. நீயும் ஒரு பங்கு போடேன்" என்றார். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். அதாவது மூன்று மாடி ஆபீஸ்; ஒருவர் ஃபைலில் இன்னொருவர் கை வைக்கமாட்டார். ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போய், ஆபீஸ் சொஸைட்டியில் 60,000 ரூபாய் கடன் வாங்கிப் போட்டேன். குளத்தில் 2,000 குஞ்சுகள் விட்டோம்.

கடன் வாங்கியவனுக்குத் தூக்கம் ஏது? என் மேனேஜர் ஒரு நாளைக்கு நாலு தடவை "ஸ்டேட்டஸ் என்ன?" என்று கேட்பவர். எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாக முறை அதுதான். புரட்டாசியிலிருந்து ஞாயிறுதோறும் திருச்சியில் பஸ் பிடித்துப் போய் நிற்பேன்.

"வலை போடுங்க மாமா, எடை பார்ப்போம்."

"மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்டா."

"பணம் போட்டிருக்கேன்ல?"

அதற்கு மேல் மாமா பேசமாட்டார். வலை விழும். பத்து மீனை வாளியில் அள்ளித் தராசில் வைப்போம். நான் நோட்டில் கிராஃப் போடுவேன். முதலில் ஜம்மென்று ஏறிய கோடு, மூன்றாவது வாரத்திலிருந்து தரையோடு படுத்துவிட்டது. எனக்குக் கவலை. அதனால் அடுத்த வாரம் இரண்டு தடவை வலை போடச் சொன்னேன்!

மாமா தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிடுவார். சாயங்காலத்துக்குள் சாக்கு காலியாகும். இப்போதோ திங்கட்கிழமை இறக்கிய சாக்கு அப்படியே கனமாக மேலே வந்தது. "பயலுக சாப்பிட மாட்டேங்குதுடா" என்று போனில் சொன்னார். "புண்ணாக்கு மட்டம்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

ஐப்பசி மழை மூட்டம். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன். "மாப்ளே, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதுடா." மாமா குரல் நடுங்கி அதுவரை நான் கேட்டதில்லை. தின்னாத தீனி அடியில் அழுகியிருக்கிறது. வெயில் இல்லாததால் பாசியும் பிராணவாயுவைத் தயாரிக்கவில்லை. மாமா மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிட்டார். அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். எட்டு மணிக்கு மேல்தான் மீன்கள் உள்ளே போயினவாம். முப்பது மீன் போய்விட்டது.

அன்று நான் லீவு போட்டு ஓடினேன். மீன்வளப் படிப்புப் படித்த தம்பி ஒருவரை மாமா வரவழைத்திருந்தார். அவர் தண்ணீரைச் சோதித்தார், சாக்கை முகர்ந்தார், பிறகு கேட்டார்: "வலை எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடுறீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மூங்கில் கழியைப் பார்த்தேன்.

தம்பி விளக்கினார். மீனுக்குப் பயம் வந்தால் மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு உத்தரவு போகும். அங்கிருந்து கார்டிசால் சுரக்க உத்தரவு வரும். நமக்குச் சுரக்கும் அதே கார்டிசால்! நமக்கு அதற்கென்று சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உண்டு. மீனுக்குத் தனிச் சுரப்பி கிடையாது. சிறுநீரகத்தின் தலைப்பகுதியில் அந்தச் செல்கள் கலந்து கிடக்கும். கார்டிசால் ஏறினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். 'ஓடு, தப்பி, உயிர் பிழை' என்பது அதன் சேதி.

"அப்ப அது நல்லதுதானே?" என்றேன்.

"மீன்கொத்தி வந்தா நல்லது சார். ஒரு நிமிஷத்துல வரும், போயிடும். நீங்க வாராவாரம் வர்றீங்களே?"

ஓடுகிற நேரத்தில் சாப்பாடு எதற்கு என்று உடம்பு கணக்குப் போடுமாம். முதலில் பசி போகும். வளர்ச்சி ஹார்மோன் சொன்னால் கல்லீரல் ஐ.ஜி.எஃப். என்ற ஒரு பொருளைச் சுரக்கும். சதை வளர அது வேண்டும். கார்டிசால் அதையும் குறைத்துவிடுவதை ஜிலேபி மீனில் பார்த்திருக்கிறார்கள். சால்மன், ட்ரவுட் மீன்களைப் பிடித்து வதைத்தபோது குடலின் உள்சுவரே சேதமாகிச் செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. தின்பது குறையும், தின்றதும் சரியாகச் சேராது, சேர்ந்ததும் சதையாகாது.

நார்வேயில் சால்மன் பண்ணைகளில் சில மீன்கள் வளராமல், தின்னாமல், தண்ணீரின் மேல்மட்டத்தில் சும்மா மிதக்கும். அவற்றை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றின் கார்டிசால் அளவு நன்றாக வளர்ந்த மீன்களைவிட அதிகம். நாலாவது மாடியில் அப்படி ரெண்டு பேரை எனக்கே தெரியும்.

"கொஞ்சம் சும்மா விடுங்க சார். அதுவா வளரும்" என்றார் தம்பி.

சும்மா விட்டோம். மாசம் ஒரு தடவை, குளிர்ந்த காலை நேரத்தில், அவசரமில்லாமல் எடை. மிச்சத் தீனியைப் பார்த்து மறுநாள் தீனி. கார்த்திகையில் சாக்கு மறுபடி காலியாக ஆரம்பித்தது. இந்த வைகாசியில் பிடித்தபோது சராசரி முக்கால் கிலோ. பெரிய லாபமில்லை, கடன் அடைந்தது. நோட்டை அத்தை அடுப்பெரிக்க வாங்கிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ். என் கீழே புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, "அந்த ஸ்டேட்மென்ட் என்னாச்சு?" என்று கேட்கப் போனேன். காலையிலிருந்து அது நாலாவது தடவை. அவன் சட்டென்று எழுந்து நின்றான். மேஜை ஓரத்தில் டிபன் பாக்ஸ், அம்மா போட்ட ரப்பர் பேண்டுகூட எடுக்கப்படாமல். சேர்ந்தபோது பொருத்தமாக இருந்த சட்டை இப்போது தோளில் தொங்குகிறது.

எனக்கு அந்தச் சாக்கு ஞாபகம் வந்தது.

"சாப்பிட்டியா?"

"முடிச்சிட்டுச் சாப்பிடறேன் சார். பசியில்லை சார்."

"போய்ச் சாப்பிட்டு வா. ஸ்டேட்மென்ட் நாளைக்குப் போதும்" என்றேன்.

நம்பாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். நான் சீட்டுக்கு வந்து, வழக்கமான வாயு மாத்திரையைத் தேடி டிராயரைத் திறந்தேன். டெலிபோன் அடித்தது.

மேனேஜர். "ஸ்டேட்டஸ் என்னய்யா?"

"வலையை எடுங்க சார்" என்று சொல்லவில்லை. "நாளைக்குத் தர்றேன் சார், பையன் சாப்பிடப் போயிருக்கான்" என்று மட்டும் சொன்னேன்.