கப்பல் வந்து நின்ற பியர்



போன வாரம் தரம் 9 பிள்ளைகளிடம் எங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். கலங்கரை விளக்கம் வந்தது, மீன்வாடி வந்தது, இராமர் அணை வந்தது. கப்பல் ஒருவரின் தாளிலும் வரவில்லை. முகவரியில் தலைமன்னார் பியர் என்று எழுதுகிற பிள்ளைகள்! அந்தப் பியரை ஏன் கட்டினார்கள் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

அவர்களில் குறை இல்லை. நாங்களே அந்தக் கப்பலைக் கண்டதில்லை. எங்கள் வயதுக்காரர் பலரும் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள்தானே.

1914 இல் தென்னிந்திய ரயில்வே கம்பனி இந்தக் கப்பல் ஓட்டத்தைத் தொடங்கியது. சென்னையில் எடுத்த டிக்கெட்டோடு கொழும்பு கோட்டை வரை வரலாம். தனுஷ்கோடி மட்டும் ரயில், பிறகு இருபத்துச் சொச்சம் மைல் கடல், இங்கே பியரில் கொழும்பு ரயில் காத்து நிற்கும். கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பிறகு இர்வின், கோஷன் என்று எல்லாம் வெள்ளைக்காரத் துரைமாரின் பெயர்கள். கடைசியாக ஓடிய ராமானுஜம்தான் வாயில் நுழைகிற பெயர்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு. இரண்டு மாதம் ஆகுமுன், டிசெம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இந்தியாவையே கண்டிராத சனங்களை அதுதான் கொண்டு போனது.

எங்கள் உம்மாவின் வாப்பாவுக்குப் பியரடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அவர் சொல்வார்: "அந்தச் சனம் கையில மிச்சம் இருந்த சில்லறையை எல்லாம் பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்கியே முடிச்சிடும். அக்கரையில அந்தக் காசு செல்லாதே. சிலபேர்ட்ட காசு வாங்கக் கை வராது வாப்பா."

1984 இல் கப்பல் நின்றது. ஆறு வருடம் கழித்து, 1990 ஒக்டோபர் கடைசியில், புலிகள் எங்களை வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனோம். கப்பல் ஆட்களோடு எடுத்த படம் ஒன்று கடைச் சுவரில் தொங்கியதாம். திரும்பி வந்தபோது சுவரும் இல்லை.

2015 மார்ச்சில் ரயில் மறுபடி பியருக்கு வந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 இல் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கமும் கப்பல் பேச்சு எழும்பும், அடங்கும். வரட்டும், இன்ஷா அல்லாஹ்.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. துரைமாரின் பெயர் கப்பலிலேயே இருந்தது. அதில் மூட்டை தூக்கியவர், கயிறு பிடித்தவர், பியரடியில் கடை போட்டவர் பெயர் எங்கும் இல்லை. பழைய டிக்கெட், கடவுச்சீட்டு, படம் எது இருந்தாலும் பாடசாலைக்குக் கொண்டு வாங்க. போனில் படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். புத்தளத்தில் இருக்கும் பெரியவர்களிடமும் கேளுங்க, குரல் பதிவாக அனுப்பினாலும் போதும். ஒன்றுமே இல்லாவிட்டால் உங்கள் வாப்பாவின் வாப்பா பெயரையும், அவர் பியரில் என்ன வேலை செய்தார் என்பதையும் கீழே எழுதுங்க. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள்.