சாலையோரச் சாட்சிகள்

காண்பது வேறு, உடனிருப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவை அறிய இறையியல் நூல்களைத்தான் புரட்டவேண்டும் என்பதில்லை. பிரான்சு நாட்டில் வழக்கமாகச் சூலைத் திங்களில் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் மிதிவண்டிப் பந்தயமும் அதை நமக்குக் கற்பிக்கக்கூடும். 3 வாரங்கள், 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தொலைவு. சமவெளிகளையும் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைத்தொடர்களையும் கடந்து செல்லும் இப்பந்தயத்தைக் காண இலட்சக்கணக்கானோர் சாலையோரங்களில் நிற்கின்றனர். நுழைவுச்சீட்டு கிடையாது, நிற்க இடமும் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால் போதும். அவர்களினும் பன்மடங்கினர் தத்தம் வீடுகளில் அமர்ந்து தொலைக்காட்சியில் காண்கின்றனர். இவ்விரு சாராருள் யார் பந்தயத்தை உண்மையில் கண்டவர்?

வரலாற்றைப் பார்த்தால் வீட்டிலிருப்போர் பக்கமே வழக்கு வலுவானது. 1903ஆம் ஆண்டு, 'லோட்டோ' என்னும் விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்வதற்காகத் தொடங்கிய பந்தயம் இது. அன்று 60 பேர் புறப்பட்டனர். 21 பேரே இறுதிவரை ஓட்டி முடித்தனர். இரவிலும் தொடர்ந்த நெடுங்கட்டங்கள் அவை. சாலையோரம் நின்றவன் இருளில் புழுதி படிந்த ஓர் உருவம் விரைவதைக் கண்டிருப்பான்; செய்தித்தாளைப் பிரித்தவனோ முழுப் பந்தயத்தையும் அறிந்துகொண்டான். வீட்டிலிருப்போரை எண்ணியே பிறந்த பந்தயம் என்று கூறினாலும் மிகையாகாது.

நாளிதழின் இடத்தை இன்று தொலைக்காட்சி பெற்றிருக்கிறது. மோட்டார் சைக்கிள்களில் செல்லும் ஒளிப்பதிவாளர்கள் வீரரின் முகத்தருகே வருகின்றனர். மேலே பறக்கும் ஹெலிகாப்டர் மலையையும் ஆற்றையும் பழைய மடாலயங்களின் கோபுரங்களையும் காட்டுகிறது. முன்னே செல்பவருக்கும் துரத்தி வருபவருக்கும் இடையே எத்தனை நொடிகள், ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பன திரையில் எழுதப்படுகின்றன. சாலையோரம் நிற்பவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. சமவெளியில் மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் விரையும் வீரர் கூட்டம் முழுவதும் அரை நிமிடத்திற்குள் அவரைக் கடந்துவிடும். அந்த அரை நிமிடத்திற்காக அரை நாள் வெயிலில் நிற்பது அறிவுடைமையா?

2019ஆம் ஆண்டுக் கோடையில், லூர்து நகருக்குத் தெற்கே மலையடிவாரப் பங்கு ஒன்றில், விடுமுறையில் சென்ற குருவுக்குப் பதிலாகச் சில வாரங்கள் பணியாற்றினேன். சூலை 20, சனிக்கிழமை. அன்றைய கட்டம் தார்ப் நகரில் தொடங்கி, 2,115 மீட்டர் உயரத்திலுள்ள தூர்மலே கணவாயில் முடிவதாக இருந்தது. இறுதி 19 கிலோமீட்டரும் இடைவிடாத ஏற்றம். சாலையை முன்னதாகவே அடைத்துவிடுவார்கள் என்பதால் பங்குமக்கள் சிலருடன் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்கினேன். பரேஜ் என்னும் சிற்றூருக்கு மேலே ஒரு வளைவில் இடம்பிடித்தோம்.

அங்கே இரண்டு நாள்களுக்கு முன்பே வந்து தங்கியிருந்த குடும்பங்கள் இருந்தன. தார்ச்சாலை முழுவதும் வெள்ளைச் சாயத்தில் வீரர்களின் பெயர்கள். முன்பின் அறியாதவர்கள் எங்களுக்கு ரொட்டியும் பாலாடைக் கட்டியும் பகிர்ந்தளித்தனர். நண்பகலுக்குப் பின் விளம்பர வண்டிகளின் வரிசை வந்தது. 1930 முதல் தொடரும் வழக்கம் இது. தொப்பிகளும் மிட்டாய்களும் வீசப்பட, முதியவர்களும் சிறுவர்களாகி ஓடிப் பொறுக்கினர். பின்னர் மீண்டும் காத்திருப்பு.

முதலில் கேட்டது ஹெலிகாப்டரின் ஒலி. அடுத்துக் காவலர்களின் மோட்டார் சைக்கிள்கள். அதன்பின் அவர்கள் வந்தார்கள். கை நீட்டினால் தொடும் தொலைவு. மூச்சிரைப்பும் சங்கிலியின் உராய்வும் செவியில் விழுந்தன. சாலையின் செங்குத்தைத் திரை எப்போதும் குறைத்தே காட்டுகிறது. அங்கே நிற்கையில்தான், அவ்வேற்றத்தில் மனித உடல் படும் பாடு எத்தகையது என்பது விளங்கியது. சில நொடிகளில் அவர்கள் வளைவுக்கு அப்பால் மறைந்தனர். வென்றவர் யார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் மேலிருந்து ஓர் ஆரவாரம் வாய்க்கு வாய் இறங்கி வந்தது. பிரெஞ்சு வீரர் தீபோ பினோ வென்றுவிட்டார்!

அத்துடன் புறப்படலாம் என்று எண்ணினேன், ஒருவரும் நகரவில்லை. பின்தங்கிய வீரர்கள் இருவராகவும் மூவராகவும் வந்துகொண்டிருந்தனர். நெடுநேரம் கழித்துப் பெருங்கூட்டமாகக் கடைசிப் பிரிவினர் வந்தனர். அக்கூட்டத்தைப் 'பேருந்து' என்றே அங்கே அழைக்கின்றனர். அவர்களுக்கு வெற்றி பற்றிய கனவு இல்லை. வெற்றியாளர் எடுத்த நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படும் கெடுவுக்குள் மேலே சென்று சேர்ந்தால்தான் மறுநாள் புறப்பட அனுமதி. அதற்காகவே அவர்கள் மிதித்தனர். இவர்களைத் தொலைக்காட்சி பெரும்பாலும் காட்டுவதில்லை. வென்றவர் கோட்டைக் கடந்ததும் ஒளிப்பதிவுக் கருவி பரிசு மேடையை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆனால் எங்கள் வளைவில் எழுந்த கைத்தட்டல் முதலாமவருக்கு எழுந்ததைவிடக் குறைவாக இல்லை. என்னருகே நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தொண்டை கட்டும்வரை கூவினார். "முன்னால் போகிறவரை வெற்றியே தூக்கிக்கொண்டு போய்விடும், தந்தையே. இவர்களுக்குத்தான் நாம் வேண்டும்" என்றார்.

நாம் ஓடும் ஓட்டத்தில் சாட்சிகளின் திரள் மேகம்போல் நம்மைச் சூழ்ந்து நிற்பதாக எபிரேயருக்கு எழுதிய திருமடல் கூறுவதைக் குருமடத்தில் பலமுறை படித்திருக்கிறேன். அத்திரள் என்ன செய்கிறது என்பதை அன்று அந்தத் தபால்காரரிடம் கண்டேன்.

எனினும் இத்துடன் வழக்கை முடித்து, வீட்டிலிருப்போருக்கு எதிராகத் தீர்ப்பெழுத என் மனம் ஒப்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, சூலை 26 அன்று, நடமாட இயலாத மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றேன். செபம் முடிந்தபின் அவர் தொலைக்காட்சியை இயக்கி, என்னையும் அமரச் சொன்னார். 1985க்குப் பின் பிரெஞ்சு நாட்டவர் எவரும் இப்பந்தயத்தில் பட்டம் வென்றதில்லை. அவ்வாண்டு பினோ வெல்லக்கூடும் என்று பலரும் நம்பியிருந்தனர். அன்றோ தொடைத் தசையில் ஏற்பட்ட காயத்தால் அவரால் மிதிக்க இயலவில்லை. அவர் அழுதார். அவருடைய அணித் தோழர் வில்லியம் பொன்னே பக்கத்தில் வந்து தோளை அணைத்துக்கொண்டார். பின்னர் பினோ மிதிவண்டியிலிருந்து இறங்கி அணியின் மகிழுந்தில் ஏறினார். பந்தயம் அவரைவிட்டுச் சென்றது.

மலைவளைவில் நின்றவர்களுக்கு அக்கண்ணீர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த மூதாட்டிக்குத் தெரிந்தது. ஆல்ப்ஸ் மலையில் அழுத இளைஞனுக்காகப் பிரனீஸ் அடிவாரத்தில் ஒரு கை செபமாலையைத் தேடி எடுத்தது. அதே நாளில் ஆலங்கட்டி மழையாலும் மண்சரிவாலும் சாலை அடைபட்டு, அக்கட்டம் இடையிலேயே நிறுத்தப்பட்டது. தீஞ் நகரில் இலக்குக் கோட்டருகே காத்திருந்தவர்கள் எவரும் பந்தயம் முடிவதைக் காணவில்லை. நேரில் சென்றவர் காணாததும், வீட்டிலிருந்தவர் உடனிருந்ததும் அன்று ஒருசேர நிகழ்ந்தன.

2020இல் கொரோனா பெருந்தொற்றால் பந்தயம் ஆகஸ்டு இறுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மலைச்சாலைகளில் மக்கள் கூடுவதும் பல இடங்களில் கட்டுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் நம் ஆலயங்களும் பூட்டிக்கிடந்தன. ஒளிப்பதிவுக் கருவியின் முன் நான் திருப்பலி நிறைவேற்றினேன். பல வீடுகளில் பார்த்ததாகப் பின்னர் கூறினார்கள். அதற்காக இறைவனுக்கு நன்றி கூறினேன். ஆனால் மக்களை வாழ்த்திக் கைகளை விரித்தபோது மறுமொழியாக வந்தது உபதேசியாரின் ஒற்றைக் குரல் மட்டுமே. காணப்படுவது வேறு, சூழப்பட்டிருப்பது வேறு என்பதை அன்று பீடத்தில் நின்று உணர்ந்தேன். ஆரவாரமற்ற மலையில் மிதித்த வீரர்களும் அதை உணர்ந்திருப்பர்.

அடுத்த ஆண்டு மக்கள் சாலையோரம் திரும்பினர். 2021 சூன் 26, முதல் நாளிலேயே ஒரு விபத்து. பார்வையாளர் ஒருவர் தம் தாத்தா பாட்டிக்கு வாழ்த்தெழுதிய அட்டையைத் தொலைக்காட்சியில் தெரியும்படி சாலைக்குள் நீட்டியவாறு நின்றார். அவர் முகம் ஒளிப்பதிவுக் கருவியை நோக்கியிருந்தது. முதுகு வீரர்களை நோக்கியிருந்தது. ஜெர்மானிய வீரர் டோனி மார்ட்டின் அவ்வட்டையில் மோதி விழ, பின்னால் வந்தவர்கள் பலரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தனர். அவர் மீது கல்லெறிவது நம் வேலையன்று. முதல் நற்கருணை விழாவிலும் திருமணத் திருப்பலியிலும் கைப்பேசியை உயர்த்தியபடி பீடத்திற்கு முதுகுகாட்டி நிற்பவர்களை நாம் அறிவோம் அன்றோ? கால்கள் அங்கே நின்றாலும் உள்ளம் திரைக்குள் இருக்கலாம். மூதாட்டியோ திரைக்கு முன்னே இருந்தும் உள்ளத்தால் சாலையில் நின்றார்.

ஆதலின், "தொலைக்காட்சியில் திருப்பலி கண்டால் போதாதா, சாமி?" என்று பங்குமக்கள் கேட்கும்போது நான் எல்லாருக்கும் ஒரே விடையைச் சொல்வதில்லை. படுக்கையில் கிடப்பவரை ஞாயிறு கடமை கட்டுப்படுத்துவதில்லை. அவர் காணும் திருப்பலி அவருக்கு ஆறுதல், அவருடைய செபம் நமக்குப் பலம். நோயுற்றிருந்தபோது தம் அறையிலிருந்தே கிறிஸ்து பிறப்பு விழா வழிபாட்டைக் கண்டதாகக் கூறப்படும் அசிசி நகர்ப் புனித கிளாராவைத்தான், திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். அவரிடம் நான் சொல்வது, "நன்றாகப் பாருங்கள் அம்மா, எங்களுக்காகவும் மன்றாடுங்கள்" என்பதே.

நடக்க வல்லவருக்கு என் விடை வேறு. வீட்டில் நல்ல மறையுரை கிடைக்கலாம். பாடலும் நம் பாடகர் குழுவைவிட இனிமையாக இருக்கலாம். பெறுவதற்கு அங்கே குறைவில்லை. கொடுப்பதற்கோ அங்கே வழியில்லை. சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையை எண்ணிப் பாருங்கள். கல்வாரி வரை நடந்த அனைத்தையும் வெரோணிக்கா கண்டார் என்று நம் மரபு கூறவில்லை. ஒரு தெருமுனையில் சில நொடிகள், ஒரு துணி, துடைக்கப்பட்ட ஒரு முகம். தெருவில் நின்றதால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

நம் ஆலயத்தின் கடைசி வரிசையிலும் யாரோ ஒருவர் அந்த வாரத்தின் ஏற்றத்தை மூச்சிரைக்க ஏறி வந்து அமர்ந்திருப்பார். கணவரை அடக்கம் செய்துவிட்டு முதன்முறையாகத் தனியே வந்தவராக இருக்கலாம். வேலையிழந்ததை வீட்டில் இன்னும் சொல்லாதவராக இருக்கலாம். அவரை எந்தத் திரையும் காட்டாது. சமாதான வாழ்த்து வேளையில் அவர் பக்கம் திரும்பிக் கைகுவிக்க, அருகே ஒருவர் வேண்டும். ஞாயிறுதோறும் நாம் ஆண்டவரைக் காணச் செல்கிறோம். தளர்ந்து வரும் அந்த ஒருவர் நம்மைக் காணவும் செல்வோமாக.