ஏறினால் போதுமா?

பொன்னேரியில் ரெயில் ஏறிப் பொன்னேரிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்றால் சிரிப்பீர்கள். நடுவில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தேன் என்றால் சந்தேகப்படுவீர்கள். இரண்டும் உண்மைதான். என் சொந்த ஊரான காட்டூர், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுக்காவில், பழவேற்காடு ஏரிப் பக்கத்தில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்த பொன்னேரியோ, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ள கிராமம். முதல் பொன்னேரியில் மருந்துக்குக்கூட ஒரு மலை கிடையாது. இரண்டாவது பொன்னேரியில் நிமிர்ந்து பார்த்தால் மலையைத் தவிர வேறொன்றும் கிடையாது.

எதற்காகப் போனேன் என்று கேட்கிறீர்களா? ஓடுவதற்கு!

முப்பத்தாறு வயதில், மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒரு பத்திரிகைக்காரன், ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் காட்டு மலையில் ஓடப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவியாவது, "போய்விட்டு வாருங்கள், கால் இரண்டும் பத்திரம்" என்றாள். நைனாதான் விடவில்லை. எங்கள் பக்கத்தில் தகப்பனாரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏன்டா, நாயி தொரத்துதா, போலீசு தொரத்துதா? எதுக்குடா ஓடுற?" என்றார்.

நைனா ஐம்பது வருஷம் ஏரியில் வலை இழுத்தவர். பழவேற்காடு ஏரி பெயருக்குத்தான் ஏரி. உண்மையில் அது கடலோடு சேர்ந்த உப்பங்கழி. ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி, இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி அதுதான். பரப்பு பெரிதே தவிர ஆழம் அதிகமில்லை. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். ஆனால் முழங்கால் வரை சேறு. சேற்றில் கால் தானாக இறங்கிவிடும். அதைத் தூக்கி எடுப்பதுதான் வேலை. அந்த வேலையை ஐம்பது வருஷம் செய்த கால்களுக்கு, சப்பாத்து மாட்டிக்கொண்டு ஓடும் கால்கள் வேடிக்கையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

அவரிடம் நான் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு மலையூரில் நடந்த 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டேன். அதற்கு ஆறு மாதம் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் ஓடிப் பழகியிருந்தேன். மேட்டில் பலரைத் தாண்டிப் போனேன். உச்சியில் நின்று, ‘இனி இறக்கம்தானே, உருண்டால்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று எண்ணினேன். அந்த இறக்கத்தில்தான் வந்தது வினை! பதினாறாவது கிலோமீட்டரில் தொடைகள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை; கால் மட்டும் ‘நான் வரமாட்டேன்’ என்றது. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். நான் தாண்டி வந்தவர்கள் எல்லோரும், "என்ன சார், ஏதாவது உதவி வேண்டுமா?" என்று அன்போடு விசாரித்தபடி என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மட்டமான தரையில் எவ்வளவு ஓடினாலும் மலை வசப்படாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதைக் கண்டுபிடித்தவன் நான் அல்லன். நியூஜிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டக்காரர்களைப் பழக்கியவர். ஆக்லாந்துக்கு அருகேயுள்ள வைட்டாக்கரே மலைப் பாதையில் 22 மைல் தூரத்தை அவர்கள் ஓடியாக வேண்டும். அரை மைல் பந்தயக்காரருக்குக்கூட அதிலிருந்து விலக்கு கிடையாது. 1960 செப்டம்பர் 2-ஆம் தேதி ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் இருவர், பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும், ஒரே நாளில் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். நம் மில்கா சிங் 400 மீட்டரில் நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்ததும் அதே ரோமில்தான்.

அடுத்த பந்தயத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. லிடியார்ட் வழியில் நமக்கும் ஒரு வாரம் ஆகட்டும் என்று, ஒரு வெள்ளிக்கிழமை மாலை சென்னையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, இரவு ஜோலார்பேட்டையில் இறங்கினேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து புறப்பட்டேன். ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். பாரதியாரை உற்சாகமாகக் கடந்தேன். கம்பரிடம் மூச்சு வாங்கியது. பாரி வளைவுக்கு வந்தபோது ஓட்டம் நடையாகி, நடை நிற்பதாகிவிட்டது. முல்லைக்குத் தேர் கொடுத்த புண்ணியவான், எனக்கும் ஒரு தேர் கொடுத்தால் என்ன என்று அங்கேயே நின்று யோசித்தேன். தேர் வரவில்லை. அரசாங்க பஸ் ஒன்று வந்தது. கை காட்டாமல் இருக்க என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்!

மறுநாள் சுவாமிமலை. கும்பகோணத்துச் சுவாமிமலை அல்ல. ஏலகிரியிலேயே உயரமான சிகரம், 4,338 அடி. மங்கலம் கிராமத்திலிருந்து காட்டுக்குள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஏற்றம். இங்கே ஒரு வார்த்தை. காட்டுப் பாதை நம் வீட்டுக் கொல்லைப்புறம் அல்ல. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை மறக்க முடியுமா? 2024 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் 40 மலைப் பாதைகளுக்கு வனத்துறையே முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்பி வைக்கிறது. சுவாமிமலையும் அவற்றில் ஒன்று. அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்த மலையில் பிறந்து வளர்ந்த இளைஞர். ஏறும்போது அவர் பின்னால் ஒழுங்காகவே போனேன். இறங்கும்போது என் பழைய புத்தி வந்துவிட்டது. எட்டி எட்டிக் கால் வைத்து, குதிகால் ‘தட் தட்’ என்று கல்லில் மோத இறங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், நாளைக்கு உங்களை எழுப்ப ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டார். ஹாஸ்யம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில்தான் அது ஜோசியம் என்று தெரிந்தது! கட்டிலை விட்டு எழுந்து, விடுதி மாடிப்படிக்கு வந்தேன். காப்பிக் கடை கீழே இருந்தது. முதல் படியில் கால் வைத்ததும் தொடை முன்பக்கத்தில் கத்தி இறங்கியது போல் ஒரு வலி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். முன்னால் இறங்க முடியவில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

நாலாவது படியில் நின்றுவிட்டேன். இப்படி இறங்கிய ஒருவரை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு முன், நைனாவைக் கண் வைத்தியரிடம் அழைத்துப் போனேன். ரெயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் எனக்கு முன்னால் விறுவிறு என்று ஏறினார். இறங்கும் பக்கம் வந்ததும் நின்றார். பிறகு முதுகைத் திருப்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படகிலிருந்து தண்ணீரில் இறங்குவது போல இறங்க ஆரம்பித்தார். பின்னால் கூட்டம் முணுமுணுத்தது. "கண்ணு சரியாத் தெரியலடா" என்றார். கண் அல்ல காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என்ன செய்தேன் தெரியுமா? கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே இறங்கிப்போய், யாரோ எவரோ போல ஒதுங்கி நின்றேன். வெட்கம்! அவருக்கு வந்திருக்க வேண்டியதல்ல, எனக்கு வந்தது.

அன்று விடுதிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அந்த வெட்கத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஓட்டம் இல்லை. புங்கனூர் ஏரியைச் சுற்றி நொண்டி நடந்ததோடு சரி. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் டெலிபோனில் விளக்கம் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: மேலே ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. கீழே இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். மூச்சு அதிகம் வாங்காததால் சுலபம் என்று ஏமாந்து போகிறோம். ஆனால் பிரேக் போடும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஒரு தடவை அடிபட்ட தசை, பாடம் கற்றுக்கொள்கிறது. அடுத்த சில வாரங்களுக்குள் அதே இறக்கத்தில் மறுபடி இறங்கினால் அந்த அளவு வலிப்பதில்லை.

"வயதானவர்களுக்கு?" என்று கேட்டேன்.

"படிக்கட்டில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். அந்தப் பிரேக் தசையை அவர்களும் பழக்கலாம். மெதுவாக, முழங்காலைப் பரிசோதித்துக்கொண்டு" என்றார்.

வியாழனும் வெள்ளியும் ஊர்ப் பாதைகளில் சின்னச் சின்ன இறக்கங்களாகப் பார்த்துப் பழகினேன். எனக்கு வாத்தியார், தலையில் விறகுக் கட்டோடு இறங்கிவந்த ஒரு பாட்டி. கால்களைக் குட்டிக் குட்டியாக எடுத்து வைத்தாள். முழங்கால் லேசாக மடங்கியே இருந்தது. கண் காலைப் பார்க்கவில்லை, நாலு அடிக்கு முன்னால் பார்த்தது. நான் பார்ப்பதைக் கண்டு, "என்னா தம்பி, விறகு வேணுமா?" என்றாள். "வேண்டாம் பாட்டி, நடை வேண்டும்" என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் சுவாமிமலை. பாட்டி நடையை ஓட்டமாக்கி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பயந்துகொண்டே படிக்கட்டுக்கு வந்தேன். தொடை கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். முகத்தை முன்பக்கம் வைத்துக்கொண்டே கீழே போய்க் காப்பி சாப்பிட்டேன். அந்தக் காப்பிக்கு ஈடு கிடையாது.

ஊருக்குத் திரும்பியதும் நைனாவிடம் மேம்பாலத்துக் கதையைச் சொன்னேன். நான் ஒதுங்கி நின்றதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும்டா. நீ கீழ நின்னத நான் பார்த்தேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. என்னாலும் பேச முடியவில்லை.

டாக்டரிடம் முழங்காலைக் காட்டிவிட்டு, மறுவாரம் திண்ணைப் படியில் பாடத்தை ஆரம்பித்தோம். ஒரே ஒரு படி. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணும் வரை மெதுவாக ஒரு காலை இறக்க வேண்டும். நாளைக்குப் பத்துத் தடவை. முதல் நாள், "ஏரியில வலை இழுத்தவனுக்குப் படி இறங்கக் கத்துக் குடுக்கிறான் பாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். இப்போது நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. போன வாரம் மேம்பாலத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகவே இறங்கினார். மெதுவாகத்தான். பின்னால் கூட்டம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று நானும் பக்கத்திலேயே இறங்கினேன்.

பந்தயம் அடுத்த மாதம். நைனாவும் வருகிறேன் என்கிறார்.

"மேல ஏறுறத எவன் வேணா பார்க்கட்டும்டா. நான் கீழ நிக்கிறேன். நீ எறங்கி வா" என்கிறார்.