கம்பியும் கணக்கும்

சென்ற கோடை விடுமுறையில் எம் தாய்மாமனாருடன் ஒரு திங்கள் திருநின்றவூரில் தங்க நேர்ந்தது. அலுவலகங்கட்கும் தொழிற்சாலைகட்கும் கணினிகளை இணைக்கும் கேபிள் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் அவர் கைபட்ட கட்டிடங்கள் சில உள. இம்முறை அவர் ஏற்றது, ஊருக்கு அணித்தே எழுந்த அலுவலகமும் கிடங்கும் சேர்ந்த ஒரு புதுக்கட்டிடம். தமிழ் பயிலும் உமக்கு அங்கு என்ன வேலை என்று நண்பர் நகைத்தனர். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பதே யாம் செய்த வேலை.

மூன்று நாள்வரை ஒரு கம்பியும் இழுக்கப்படவில்லை. மாமா அறைதோறும் நின்று, மேசை எங்கே, அச்சுப்பொறி எங்கே, காவற்கேமரா எங்கே என்று வினவி வரைபடத்திற் குறித்தார். மின்சாரக் கம்பிகளை விட்டு விலகிச் செல்லும் வழியைத் தேர்ந்தார். ஒவ்வோர் இருக்கைக்கும் இரண்டு முனைகள் வகுத்தார். பின்னாளிற் சுவரை உடைப்பதினும் இன்று ஒரு கேபிள் கூட்டுவது மலிவு என்பது அவர் கொள்கை. எமக்கோ பொறுமை போயிற்று.

அக்கேபிளினுள் எட்டுச் செப்புக்கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்குண்டு கிடக்கும். முறுக்கினால் அயற்கம்பியின் இடையூறு தணியும். கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உபாயம் இது. முனையிற் பொருத்துங்கால் அம்முறுக்கை 13 மில்லிமீட்டருக்குமேல் பிரித்தலாகாது. நீளத்திற்கும் எல்லை உண்டு. முன்னர் ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கிற் கம்பி போட்டுவந்தது. அமெரிக்காவில் 1991இல் பொதுநெறி ஒன்று வெளிவந்தது. அந்நெறியின்படி, ரேக்கிலிருந்து சுவர்முனைவரை 90 மீட்டர்; இருபுறத்து இணைப்பு வடங்கட்கு 10 மீட்டர்; ஆக 100. அதற்கப்பால் செய்தி நலியும்.

நிற்க. கிடங்கின் கோடியிலுள்ள முனைக்குத் தொலைவு காணும் பொறுப்பு எமக்குக் கிடைத்தது. வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து, 74 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தோம். மாமா அதை நோக்கிச் சிரித்தார். "தம்பி, காகிதத்திலே சுவரும் இல்லை, தூணும் இல்லை. கேபிள் நடந்துதான் போகவேண்டும்," என்றார். ரேக்கிலிருந்து கூரைக்கு ஏற 3, மறுமுனையில் இறங்க 3, லிப்ட் கூண்டைச் சுற்றிவர 9, இருமுனையிலும் விடவேண்டிய மிச்சம் 4: கூட்டினால் 93. யாம் வெட்கினோம்.

கிடங்கருகே இரண்டாவது ரேக் ஒன்று நிறுத்தி, இரண்டையும் கண்ணாடியிழைக் கேபிளால் இணைப்பதே வழி எனக் கண்டார் மாமா. கட்டிட உரிமையாளர் செலவைக் கேட்டு முகஞ்சுளித்தார். "மூன்று மீட்டர்தானே, ஐயா! தம்பி போட்ட கணக்கே இருக்கட்டும்," என்றார். "அப்படியாயின் இவ்வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்," என்று மாமா பணிவுடன் சொல்லி வெளியேறினார்.

ரயிலடிவரை அவர் பேசவில்லை. பின்னரே, முன்னொருகால் வேறோரிடத்தில் "சிறிது தூரந்தானே" என்ற சொல்லுக்கு இணங்கியதைக் கூறினார். அந்த இணைப்பு ஒருநாள் இயங்கும், மறுநாள் நிற்கும். இறுதியில் தம் செலவிலேயே கூரைப்பலகைகளைப் பிரித்து அனைத்தையும் மாற்றினார். மாமியின் வளையல்கள் அடகுக்கடை சென்றது அவ்வாண்டிலேதான். இவ்வேலையும் கைநழுவினால் என்னாகும் என்று எம் நெஞ்சு நடுங்கிற்று. இரண்டு நாள் வீட்டில் யாரும் மிகுதியாகப் பேசவில்லை. மூன்றாம் நாட் காலையில் உரிமையாளரின் இசைவு வந்தது.

இத்திருநின்றவூரிற்றான் பூசலார் நாயனார் மனத்திலே கோயில் எடுத்தார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்திற் பாடினார். வகுப்பில் அதனைப் பயின்றபோது, பொருளில்லா ஒருவர் கண்ட இனிய கனவென்றே எண்ணினோம். கல்லும் தச்சரும் நாளும் முறையே தேடி, கிணறு, மதில், குளம் ஈறாக ஒன்றும் விடாது அவர் எண்ணி முடித்தமை இப்பொழுதுதான் எம் கண்ணிற் பட்டது. கோபுரங் கட்டப் புகுவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று நம் ஆண்டவர் அருளியதும், ஆலயத்திற் பன்முறை கேட்ட எம் செவிக்கு அன்று புதிதாயிற்று.

கல்லூரி திறந்ததும் புதிய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் 74 என எழுதி, அதனை அடித்து, பக்கத்தில் 93 என எழுதினோம். தோழர் காரணம் வினவினர். அவர்க்கு யாம் கூறிய விடையே இக்கட்டுரை.